மரத்தில் செய்த பெரிய மீன்தொட்டி ஸ்டாண்டு: அறிகுறி பார்த்துப் பழுது நீக்குவது

நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், இரண்டடி உயரம். வீட்டு ஹாலில் பெரிய தொட்டி வைக்க ஆசைப்படுகிறவர்கள் அதிகம் கேட்டு வாங்கும் அளவுகளில் இது ஒன்று. கணக்கும் எளிது: 12 கன அடி. ஒரு கன அடித் தண்ணீர் 28.3 கிலோ. விளிம்பு வரை நிரப்பினால் தண்ணீர் மட்டும் 340 கிலோ, அதாவது வாசலில் வந்து இறங்கும் 20 லிட்டர் கேனில் 17. தொட்டி 12 மி.மீ. கண்ணாடி என்றால் அதன் வெற்று எடையே 75 கிலோவைத் தாண்டும். மணல், கல், மரக்கட்டை எல்லாம் சேர்த்து 40 கிலோ வையுங்கள். மொத்தம் 450 கிலோவுக்கு மேல். அதுவும் இரவு பகலாக, வருடக்கணக்கில், அசையாமல் ஒரே இடத்தில்.

இந்த எண்ணைக் கேட்டதும் பலர் செய்வது காலைத் தடிமனாக்குவது. மூன்றங்குலக் கால், நாலங்குலக் கால் என்று மரக்கடையில் பணத்தைக் கொட்டுகிறார்கள். காய்ந்த நல்ல மரத்தில் இரண்டங்குலச் சதுரக் கால், இரண்டரை அடி உயரத்தில், பக்கவாட்டில் சாயாமல் பிடித்து வைத்திருந்தால் ஒன்றே ஒரு டன்னுக்கு மேல் தாங்கும். நேராக இறங்கும் எடையால் கால் நசுங்கிப் போன ஸ்டாண்டை நான் பார்த்ததே இல்லை. பழுது வருவது வேறு இடங்களில்: சட்டம் பக்கவாட்டில் சாய்வது, எடை மரத்தின் மேல் உட்காராமல் ஸ்க்ரூவில் தொங்குவது, ஈரம். கீழே வரும் அறிகுறிகளில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்றில்தான் போய் முடியும்.

உங்கள் ஸ்டாண்டில் தெரியும் அறிகுறிக்கு நேராகப் போய்ப் படிக்கலாம். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் தாண்டிப் போக வேண்டாம்.

கை வைப்பதற்கு முன்

தண்ணீர் நிறைந்த தொட்டியை ஸ்டாண்டோடு சேர்த்து நெம்பக் கூடாது. கடப்பாரை, கார் ஜாக்கி, நாலு பேர் தோள் எதுவானாலும் கூடாது. ஒரு மூலை மட்டும் ஒரு நூல் உயர்ந்தாலும் கண்ணாடி முறுக்கிக்கொள்ளும். (தச்சர் கணக்கில் ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, ஏறக்குறைய 3 மி.மீ.) கண்ணாடி எடையைத் தாங்கும், முறுக்கைத் தாங்காது. சிறிய வேலையாக இருந்தாலும் தண்ணீரைக் கால் பங்குக்கு இறக்கிவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். ஸ்டாண்டை அசைக்கும் வேலை என்றால் முழுக்கக் காலி செய்யுங்கள்.

இறக்கும் முறை: முதலில் மின்சாரத்தை அணையுங்கள். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் ஹீட்டர் போட்டிருப்பவர்கள் அதை அணைத்துப் பத்து, பதினைந்து நிமிடம் கழித்துத் தண்ணீர் எடுக்கத் தொடங்குங்கள். சூடாக இருக்கும் ஹீட்டர் காற்றில் வெளிப்பட்டால் அதன் கண்ணாடிக் குழாய் விரிசல் விடும். அப்புறம் அதே தண்ணீரைப் பிளாஸ்டிக் டப்பில் பிடித்து மீன்களை அதில் விட்டு, ஏர் பம்பைப் போட்டு, மேலே ஒரு துணியைக் கட்டிவிடுங்கள். ஃபில்டர் ஸ்பாஞ்சும் அதே தண்ணீரில் ஊறட்டும். குழாய்த் தண்ணீரில் கழுவினால் குளோரின் பட்டு, அதில் குடியிருந்து மீன் கழிவின் நச்சை நீக்கும் பாக்டீரியா செத்துவிடும். ஸ்டாண்டு சரியாகி, தொட்டி நிரம்பி, இரண்டு நாள் கழித்து மீன் சாகத் தொடங்கும். பழியை ஸ்டாண்டு மேல் போடுவீர்கள்.

உடனே தண்ணீரை இறக்க வேண்டியவை நான்கு: தொட்டிக்கு அடியிலிருந்து சொட்டு; மரம் பிளக்கும் சத்தத்தோடு நீர்மட்டம் மாறியிருப்பது; காலும் சட்டமும் சேரும் மூட்டு கண்ணுக்குத் தெரியத் திறந்திருப்பது; உள்ளங்கையால் மெல்லத் தள்ளினாலே ஸ்டாண்டின் மேற்பகுதி ஒரு விரல் அகலம் நகர்வது. மற்றவை ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்கும்.

அறிகுறி: தொட்டால் ஆடுகிறது

"ஆடுது" என்று எல்லோரும் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறார்கள். ஆட்டத்தில் இரண்டு வகை உண்டு, இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

தரையில் உட்கார்ந்து கால்களின் அடியைப் பாருங்கள். இன்னொருவரை ஸ்டாண்டின் மேல்சட்டத்தில் கை வைத்து மெல்லத் தள்ளச் சொல்லுங்கள். தொட்டியைத் தள்ளக் கூடாது. ஏதாவது ஒரு கால் தரையை விட்டு எழுந்து உட்கார்ந்தால் அது தரை அல்லது கால் நீளத்தின் பிரச்சினை. நான்கு காலும் தரையில் பதிந்தபடி இருக்க, மேற்பகுதி மட்டும் இடம் வலமாகப் போய் வந்தால் சட்டமே சாய்கிறது என்று அர்த்தம். முதலாவது எரிச்சல். இரண்டாவது ஆபத்து.

எழும் காலுக்கு: தொட்டியைக் காலி செய்தபின் இடைவெளியை நிரப்புங்கள். மடித்த அட்டையும் மரச்சக்கையும் வேண்டாம். அட்டை தண்ணீர் பட்டு ஊறும், சக்கை நசுங்கும். நான் பரிந்துரைப்பது மைக்கா துண்டு. பர்னிச்சர் கடையில் வெட்டி எறியும் சன்மைக்காத் துண்டுகள் பெரும்பாலும் 1 மி.மீ. தடிமன். இரண்டு மி.மீ. வேண்டுமா, இரண்டு துண்டு. காலின் அடிப்பரப்பு முழுக்க வரும்படி வெட்டி வையுங்கள், ஓரத்தில் மட்டும் செருக வேண்டாம். இடைவெளி ஒரு நூலுக்கு மேல் இருந்தால் பேக்கிங்கை மறந்துவிட்டு மற்ற மூன்று கால்களைச் சீவுவது நல்லது.

டைல்ஸ் தரையில் இன்னொன்றையும் பாருங்கள். கால் நிற்கும் இடத்தில் விரல் முட்டியால் தட்டினால் பொள்ளலாகச் சத்தம் வருகிறதா? டைலுக்கு அடியில் கலவை முழுதாகப் பிடிக்கவில்லை. அந்த இடத்தில் ஒரு கால் நூறு கிலோவுக்கு மேல் அழுத்தினால் டைல் உடையும், கால் இறங்கும், தொட்டி முறுக்கும். ஸ்டாண்டை வேறு இடத்துக்கு மாற்றுங்கள். முடியாவிட்டால் காலுக்கு அடியில் பரந்த கிரானைட் துண்டு வைத்து எடையைப் பரப்பலாம், ஆனால் அது இரண்டாம் தரம்தான்.

இனிச் சாயும் சட்டம். நான்கு கால், மேலே நான்கு சட்டம், கீழே நான்கு சட்டம், மூலைக்கு இரண்டு ஸ்க்ரூ. கட்டில், மேசை செய்து பழகிய தச்சரிடம் சொன்னால் பெரும்பாலும் இப்படித்தான் செய்து வரும். மேசைக்கு அது போதும். மீன்தொட்டிக்குப் போதாது, ஏனென்றால் மேசையின் மேல் அரை டன் இருப்பதில்லை. செவ்வகச் சட்டம் தன் வடிவத்தைத் தானாகப் பிடித்து வைத்துக்கொள்ளாது. மூலை ஒவ்வொன்றும் ஒரு கீல் மாதிரி. ஸ்க்ரூ அதை இறுக்கமான கீல் ஆக்குகிறது, அவ்வளவுதான். கொஞ்சம் சாய்ந்ததும் மேலே உள்ள எடையே அதை மேலும் சாய்க்கத் தொடங்கும். வீட்டில் பெரியவர் ஒருவர் எழுந்திருக்க அதைப் பிடித்துக்கொள்வது, பிள்ளைகள் சாய்வது, பின்னால் விழுந்ததை எடுக்க நீங்கள் முட்டுக் கொடுப்பது என்று பக்கவாட்டு விசை வந்துகொண்டேதான் இருக்கும்.

தீர்வு காலைத் தடிப்பாக்குவதில் இல்லை. ஒரு பலகையில் இருக்கிறது. பின்பக்கம் முழுவதையும் மூடி 9 அல்லது 12 மி.மீ. பிளைவுட் ஒன்றை, நான்கு ஓரத்திலும் 6 அங்குலத்துக்கு ஒரு ஸ்க்ரூ வீதம் அடியுங்கள். நீளவாக்கில் வரும் ஆட்டம் அத்தோடு நின்றுபோகும். முன் பின்னாக ஆடினால் அதே போல இரண்டு பக்கங்களிலும் அடிக்க வேண்டும். ஆட்டம் எந்தத் திசையிலோ அந்தத் திசைக்கு இணையாகப் பலகை வர வேண்டும். இது ஒன்றைப் பிடித்துக்கொண்டால் எந்த ஸ்டாண்டையும் நீங்களே மதிப்பிடலாம்.

பலகை அடிக்குமுன் சட்டம் சதுரமாக இருக்கிறதா என்று பாருங்கள். மூலைக்கு மூலை டேப் வைத்து இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருக்க வேண்டும். சாய்ந்த நிலையிலேயே பலகையை அடித்துவிட்டால் அந்தச் சாய்வு நிரந்தரமாகிவிடும். குழாயும் ஒயரும் போக ஓட்டை வேண்டும்தான். கைபிடி அளவில் ஒன்றிரண்டு வட்டம் போதும். காற்றோட்டத்துக்கு என்று பலகையின் நடுவைப் பெரிய ஜன்னலாக வெட்டினால் பலகை போட்ட காரியமே கெட்டுவிடும்.

"அண்ணே, பின்னாடி பலகை எதுக்கு? சுவரைப் பார்த்துத்தானே நிக்கப்போகுது, வீண் செலவு" என்று தச்சர் சொல்லக்கூடும். அழகுக்கு இல்லை, சாயாமல் இருக்கத்தான் என்று சொல்லிவிட்டு, பலகை இல்லாத சட்டத்தை அவரையே ஒரு முறை தள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள். தொழில் தெரிந்தவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

எந்தப் பக்கமும் மூடக் கூடாது, திறந்த ஸ்டாண்டுதான் வேண்டும் என்பவர்கள் ஒவ்வொரு மூலையிலும் முக்கோணப் பிளைவுட் துண்டு வைக்கலாம். ஓரம் 8, 10 அங்குலமாவது இருக்கட்டும். கடையில் கிடைக்கும் சின்ன எல் ஆங்கிள் பட்டையை நம்ப வேண்டாம். வளைந்துகொடுக்கும், துருவும் பிடிக்கும்.

அறிகுறி: நீர்மட்டம் ஒரு பக்கம் சாய்ந்து தெரிகிறது

ரசமட்டம் தேட வேண்டாம், தண்ணீரே மட்டம். தொட்டியின் நான்கு மூலைகளிலும் மேல் விளிம்பிலிருந்து நீர்ப்பரப்பு வரை அளந்து எழுதுங்கள். அந்த நான்கு எண்களில் மூன்று விதமான கதை இருக்கும்.

இடது இரண்டும் ஒன்று, வலது இரண்டும் வேறு: நீளவாக்கில் சாய்வு. முன் இரண்டும் ஒன்று, பின் இரண்டும் வேறு: முன் பின் சாய்வு. பழைய வீடுகளில் தண்ணீர் ஓட வேண்டும் என்று தரைக்கே வாட்டம் கொடுத்திருப்பார்கள், அதனால் இது சாதாரணம். நாலடியில் ஒரு நூல் வித்தியாசம் என்றால் கண்ணுக்கு உறுத்துமே தவிரக் கண்ணாடிக்கு ஒன்றும் ஆகாது. கண்ணாடி மேல் வரும் அழுத்தம் நீரின் உயரத்தைப் பொறுத்தது. இரண்டடியில் 3 மி.மீ. என்பது அரை சதவீதம். அடுத்த முறை தொட்டியைக் காலி செய்யும்போது சரிசெய்துகொள்ளலாம்.

மூன்றாவது விதம்தான் கவலைக்குரியது. எதிரெதிர் மூலைகள் ஒரு ஜோடியாகவும் மற்ற இரண்டும் வேறு ஜோடியாகவும் வந்தால் அது முறுக்கு. முதலில் தொட்டியின் மேல் விளிம்பே கோணலாக வெட்டப்பட்டதா என்று பார்த்து அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். விளிம்பு சரியாக இருந்து அளவு அப்படி வந்தால் காத்திருக்காமல் தண்ணீரை இறக்குங்கள்.

தொட்டியை எடுத்தபின் ஸ்டாண்டின் மேற்பரப்பில் முறுக்கு இருக்கிறதா என்று பார்க்க நூல் போதும். மூலைக்கு மூலை இரண்டு நூலை இழுத்துக் கட்டுங்கள். இரண்டும் நடுவில் ஒன்றை ஒன்று லேசாகத் தொட்டுக்கொண்டால் பரப்பு சமம். நடுவில் இடைவெளி தெரிந்தாலோ, ஒன்று மற்றதை அழுத்தி வளைத்தாலோ முறுக்கு இருக்கிறது. மேல் நூல், கீழ் நூல் மாற்றிக் கட்டி இன்னொரு முறையும் பாருங்கள்.

அளவு எதுவானாலும் வாரம் ஒரு முறை அதே நான்கு இடத்தில் திரும்ப அளக்க வேண்டும். மாறாத சாய்வு தரையின் குணம். வாரா வாரம் கூடும் சாய்வு ஏதோ ஒன்று இறங்கிக்கொண்டிருப்பதன் அடையாளம்: கால் அடி இற்றுப்போகிறது, டைல் உடைகிறது, அல்லது மூட்டு திறக்கிறது.

மாடி வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. வீடுகளின் தளத்துக்கு ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தரநிலை சொல்லும் பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், ஏறக்குறைய 200 கிலோ. நம் தொட்டி அரைச் சதுர மீட்டருக்குச் சற்று அதிகமான இடத்தில் 450 கிலோவை வைக்கிறது. கான்கிரீட் தளம் எடையைச் சுற்றிலும் பரப்பிக்கொள்வதால் உடனே பயப்பட வேண்டியதில்லை. பீமுக்கு மேலோ, சுமை தாங்கும் சுவரை ஒட்டியோ வையுங்கள், அறையின் நடுவில் வேண்டாம். தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல் அடுக்கிய பழைய மெட்ராஸ் டெரஸ் மாடி என்றால் கட்டடப் பொறியாளர் ஒருவர் பார்த்துச் சரி என்று சொல்லாமல் வைக்கவே கூடாது.

அறிகுறி: மேல்சட்டம் நடுவில் தொய்ந்திருக்கிறது

இதைக் கண்ணால் பிடிப்பது கஷ்டம், ஏனென்றால் தொட்டி அதை மறைத்துவிடும். இரண்டடி உயரக் கண்ணாடி நின்றவாக்கில் மிகவும் விறைப்பானது. மரம் தொய்ந்தாலும் கண்ணாடி கூடவே தொய்யாது. நடுவில் இடைவெளி விழுந்து, அதுவரை நீளம் முழுக்கப் பரவியிருந்த எடை இரண்டு முனைகளுக்கும் ஒதுங்கும். ஆகவே தொட்டிக்கும் பலகைக்கும் நடுவே ஒரு தாளைச் செருகிப் பாருங்கள். அடியில் தெர்மாகோல் இருந்தால் தெர்மாகோலுக்கு மேலும் கீழும் இரண்டு இடத்திலும் பாருங்கள். முனைகளில் நுழையாத தாள் நடுவில் வழுக்கிக்கொண்டு போனால் தொய்வு உறுதி.

காரணம் பெரும்பாலும் சட்டத்தைப் படுக்க வைத்து அடித்ததுதான். ஒன்றரைக்கு மூன்று அங்குலத் தேக்குச் சட்டம், நாலடி இடைவெளி, முன்பக்கத்துக்கு வரும் பாதி எடை என்று கணக்குப் போட்டால், மூன்றங்குலப் பக்கம் நின்றவாக்கில் இருக்கும்போது நடுவில் ஏறக்குறைய 4 மி.மீ. தொய்யும். அதே கட்டையைப் படுக்க வைத்தால் ஏறக்குறைய 15 மி.மீ. மரம் ஒன்று, விலை ஒன்று, வைத்த விதம்தான் வேறு. மரம் தொடர்ச்சியாகச் சுமந்துகொண்டிருந்தால் முதல் நாள் தொய்வு வருடங்கள் போகப்போக இன்னும் கூடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதனால்தான் புதிதில் சரியாக இருந்த ஸ்டாண்டு இரண்டு வருடம் கழித்துத் தொல்லை கொடுக்கிறது.

சரிசெய்ய மேல்சட்டத்தை மாற்ற வேண்டியதில்லை. நடுவில் ஒரு கால் கொடுங்கள், முன்னும் பின்னும். இடைவெளி பாதியானால் தொய்வு பாதி ஆகும் என்று தோன்றும். உண்மையில் பதினாறில் ஒரு பங்காகக் குறையும். 4 மி.மீ. கால் மில்லிமீட்டர் ஆகிவிடும். இவ்வளவு மலிவாக இவ்வளவு பலன் தரும் வேலை ஸ்டாண்டில் வேறு இல்லை. முன்னால் நடுக்கால் வந்தால் கதவு இரண்டாகும், அடியில் சம்ப் தொட்டியை (தண்ணீரை வடிகட்டும் கீழ்த்தொட்டி) நுழைப்பது சிரமமாகும் என்பது மட்டும்தான் குறை. அது முடியாது என்பவர்கள் மேல்சட்டத்துக்கு உள்பக்கமாக ஐந்தங்குல ஆழமுள்ள இன்னொரு கட்டையை நின்றவாக்கில் ஒட்டி, அதன் முனைகள் காலின் தலை மேலேயே உட்காரும்படி வைக்கலாம்.

தொய்ந்த இடத்தைத் தெர்மாகோலைக் கூட்டி மறைக்கப் பார்ப்பவர்கள் உண்டு. அடியில் பிளாஸ்டிக் ஃபிரேம் இல்லாத, வெறும் கண்ணாடித் தொட்டிக்கு 10, 12 மி.மீ. தெர்மாகோல் அவசியம், அது ஒன்றிரண்டு மி.மீ. மேடு பள்ளத்தை விழுங்கும். அதற்கு மேல் அதனால் ஆகாது. பிளாஸ்டிக் ஃபிரேம் உள்ள தொட்டிக்கோ தெர்மாகோலே கூடாது. அதன் அடிக்கண்ணாடி ஃபிரேமுக்குள் அந்தரத்தில் நிற்கும்படி செய்தது, கீழிருந்து அழுத்தினால் உடையலாம்.

அறிகுறி: மூட்டு திறக்கிறது, ஸ்க்ரூ அருகே மரம் பிளக்கிறது

டார்ச் எடுத்து ஸ்டாண்டுக்குள் தலையை விடுங்கள். மேல்சட்டத்தில் விரலை வைத்து, எடை அங்கிருந்து தரைக்கு எப்படிப் போகிறது என்று தொட்டுக்கொண்டே வாருங்கள். சட்டம் காலின் தலை மேல் உட்கார்ந்திருந்தால் மரத்தின் மேல் மரம், நல்லது. சட்டம் இரண்டு காலுக்கு நடுவே மாட்டி, பக்கத்திலிருந்து அடித்த ஸ்க்ரூ மட்டும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தால், உங்கள் 450 கிலோவும் எட்டுப் பத்து ஸ்க்ரூவில் தொங்குகிறது. அதுவும் சட்டத்தின் முனையில், நாரோட்டத்தின் திசையிலேயே இறங்கிய ஸ்க்ரூ. மரத்தில் ஸ்க்ரூவின் பிடி மிகவும் குறைவாக இருக்கும் இடம் அது.

இதற்கு உள்கால் வையுங்கள். ஒவ்வொரு மூலையிலும் காலை ஒட்டி உள்பக்கமாக இன்னொரு கட்டை. அதன் தலை மேல்சட்டத்தின் அடியைத் தொட வேண்டும், கால் தரையில் நிற்க வேண்டும். கீழே ஏற்கெனவே சட்டம் ஓடினால், உள்காலை அந்தச் சட்டத்தின் மேல் நிறுத்தி, சட்டத்துக்கும் தரைக்கும் நடுவே ஒரு துண்டுக் கட்டை கொடுங்கள். நீளம் ஒரு மயிரிழை கூடுதலாக வெட்டி, இழைப்புளியால் சீவிச் சீவி இறுக்கமாகப் பொருந்தும்படி செய்தால்தான் எடை அதில் இறங்கும். குறைவாக வெட்டிவிட்டு ஸ்க்ரூவால் இழுத்துப் பிடித்தால் பழைய கதைதான். பசை போட்டு, கடின மரம் என்றால் முன்துளை போட்டு, பழைய காலோடு சேர்த்து ஸ்க்ரூ அடியுங்கள். இங்கே ஸ்க்ரூவின் வேலை கட்டை நகராமல் பிடிப்பது மட்டும்.

வெறும் விரிசல், ஆட்டம் இல்லை, மூட்டில் கொஞ்சம் சந்து தெரிகிறது என்றால் மரம் காயாமல் இருந்திருக்கும். அறுத்த சூட்டோடு கொடுத்த பச்சை மரம் வீட்டுக்குள் வந்து மாதக்கணக்கில் காயும்போது அகலத்தில் சுருங்கும். நீளத்தில் சுருங்குவது மிகக் குறைவு. ஆகவே காலின் உயரம் மாறாது, ஆனால் சட்டத்தின் அகலம் குறைந்து மூட்டில் இடம் விழும். ஸ்க்ரூவை ஒரு சுற்று இறுக்கிவிட்டு இன்னொரு கோடை பார்க்கலாம்.

அறிகுறி: கதவு மூடவில்லை

ஐப்பசி, கார்த்திகை மழையில் இறுகி, தையில் தானாகச் சரியாகிவிட்டால் அது ஈரப்பதம். கதவின் நான்கு ஓரத்தையும் வார்னிஷால் மூடினால் அடுத்த வருடம் குறையும். மழை இல்லாத மாதத்திலும் இறுகினால், கதவின் மேல் ஓரம் உரசுகிறதா, பக்க ஓரம் உரசுகிறதா என்று பாருங்கள். மேல் ஓரம் என்றால் தொய்வு. பக்கம் என்றால் சட்டம் சாய்கிறது. கதவைச் சீவி வேலையை முடித்துவிட ஆசை வரும். சீவினால் அந்த எச்சரிக்கை மணியையும் அறுத்ததாகிவிடும்.

அறிகுறி: பலகை உப்புகிறது, மைக்கா எழும்புகிறது, கால் அடி கறுக்கிறது

முதலில் பலகை எது என்று தெரிய வேண்டும். வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். அடுக்கடுக்காகத் தெரிந்தால் பிளைவுட். மாவு போல ஒரே சீராகவோ, தூளைக் குழைத்து ஒட்டியது போலவோ இருந்தால் எம்.டி.எஃப். அல்லது பார்ட்டிகிள் போர்டு. பின்னவை இரண்டும் ஒரு முறை தண்ணீர் குடித்து உப்பினால் காய்ந்தாலும் பழைய தடிமனுக்கும் பலத்துக்கும் திரும்பாது. எடை தாங்கும் இடத்தில் அவை உப்பியிருந்தால் ஒட்டுப் போடாமல் மாற்றிவிடுங்கள்.

பிளைவுட்டிலும் தரம் உண்டு. எம்.ஆர். என்று முத்திரை இருந்தால் அது காற்றின் ஈரத்துக்கு மட்டும். சொட்டும் தண்ணீருக்கு இல்லை. ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட் இந்த வேலைக்கு ஏற்றது. ஆனால் அதன் ஓரத்தை மூடாமல் விட்டால் அதுவும் நாளடைவில் கெடும், "வாட்டர் புரூஃப்" என்ற சொல்லை நம்பி ஏமாற வேண்டாம்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது? எல்லோரும் தொட்டியைச் சந்தேகிப்பார்கள். கால் அடி மட்டும் கறுத்திருந்தால் குற்றவாளி பெரும்பாலும் மாப். தினம் வீடு துடைக்கும்போது கால் அடியில் தேங்கும் ஈரத்தை, வெட்டிய முனை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மரம் தண்ணீரை வேகமாக உறிஞ்சும் இடமே அந்த முனைதான். ஸ்டாண்டு செய்யும்போதே கால் அடியில் இரண்டு கோட் எபாக்சியோ பாலியூரித்தேனோ ஊறவிட்டு, அடியில் கிரானைட் துண்டோ கெட்டியான பி.வி.சி. துண்டோ வைத்துவிட்டால் இந்தப் பழுதே வராது. சமையல் மேடை வெட்டிய கிரானைட் துண்டு கல் கடையில் சும்மா கிடக்கும். வந்த பிறகு என்றால், கத்தி முனையால் குத்திப் பாருங்கள். கறுப்பு மேலோட்டமாக இருந்து மரம் கெட்டியாக இருந்தால் காயவைத்து அடைக்கலாம். கத்தி மெத்தென்று இறங்கினால் அந்தக் கால் இனி கால் இல்லை.

ஸ்க்ரூவைச் சுற்றி மட்டும் கருநீல வளையம் தெரிந்தால் அது பூஞ்சை அல்ல. இரும்பும் மரத்திலுள்ள டானினும் ஈரத்தில் சேர்ந்தால் வரும் கறை. கறை கெடுதல் இல்லை, ஆனால் அங்கே ஈரம் போகிறது, ஸ்க்ரூ துருவுகிறது என்று அது சொல்கிறது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூவாக மாற்றுங்கள். கடல்மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் தொடக்கத்திலேயே ஸ்டெயின்லெஸ் தவிர வேறு எதையும் வாங்க வேண்டாம்.

மேல் பலகை ஓரம் உப்பியிருந்தால் ஃபில்டர் குழாயின் மூட்டையும் ஏர் டியூபையும் காய்ந்த டிஷ்யூ தாளால் துடைத்துச் சோதியுங்கள். ஒயர்களையும் அப்போதே பாருங்கள்: ஒயர் வழியே வழியும் தண்ணீர் நேராகப் பிளக்குக்குள் போகாமல், ஒயர் பிளக்குக்குக் கீழே ஒரு தொங்கல் விட்டு மேலேற வேண்டும். ஸ்விட்ச் போர்டு ஸ்டாண்டின் அடியில் தரையோடு இருக்கக் கூடாது. வீட்டில் மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால் மர வேலைக்கு முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

அறிகுறி: கீழே மரத்தூள், மண் கோடு

மாவு போன்ற தூள் குவியலும் குண்டூசி ஓட்டைகளும் இருந்தால் துளைக்கும் வண்டு. சுவரிலிருந்து மண் பாதை ஏறினால் கரையான். இரண்டுக்கும் கடையில் ஸ்ப்ரே கிடைக்கும், அதை மீன் இருக்கும் அறையில் அடித்துவிடாதீர்கள். சைபர்மெத்ரின், பெர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற பைரித்ராய்டு மருந்துகள் மனிதனுக்கு விளையாட்டாகத் தெரியும் அளவிலேயே மீனைக் கொன்றுவிடும். ஏர் பம்ப் அறைக் காற்றை இழுத்து நேராகத் தண்ணீருக்குள் விடுகிறது என்பதை நினைவில் வையுங்கள். பூச்சி மருந்துக்காரரை அழைத்தால், மருந்து அடிக்குமுன்பே மீனையும் பம்பையும் வேறு வீட்டுக்கோ, நன்றாகத் தள்ளியிருக்கும் அறைக்கோ மாற்றுங்கள். மருந்து அடித்த மரம் முழுக்கக் காய்ந்து, மேலே வார்னிஷ் ஏறி, வாடை போன பிறகுதான் தொட்டி ஏற வேண்டும்.

வாங்கும்போதே தவிர்க்க: வெள்ளைப் பகுதி இல்லாத வைரமான மரம் கேளுங்கள். தேக்கோ வேங்கையோ ஆனாலும் ஓரத்து வெளிர் பகுதியைப் பூச்சி விடாது.

அறிகுறி: சத்தம்

புதிதாக நிரப்பிய முதல் சில நாட்களில் ஒன்றிரண்டு "டக்" சாதாரணம், மூட்டுகள் அமர்கின்றன. சில மாதம் அமைதியாக இருந்துவிட்டு மறுபடி வந்தால் மூட்டுப் பகுதிக்குத் திரும்பிப் போய்ச் சோதியுங்கள். ஓயாத ரீங்காரம் பம்பினுடையது. பம்பைப் பலகை மேல் வைக்காமல் ஸ்பாஞ்ச் துண்டின் மேல் வையுங்கள், அல்லது தொங்கவிடுங்கள்.

வேலை முடிந்து திரும்ப நிரப்பும்போது

தொட்டியைத் தூக்கி வைக்கும்போது தெர்மாகோலுக்கு அடியில் ஒரு மணல் பொடிகூட இருக்கக் கூடாது. பலகையைக் கையால் தடவிப் பாருங்கள், துணியை விடக் கை நன்றாகக் கண்டுபிடிக்கும். கால் பங்கு நிரப்பி நான்கு மூலையும் அளவெடுங்கள். பாதி நிரப்பி மறுபடி. இரண்டு அளவும் ஒத்துப்போனால் மட்டும் முழுக்க நிரப்பி ஓர் இரவு மீன் இல்லாமல் விடுங்கள். காலையில் மேல்சட்டத்தைத் தள்ளிப் பார்த்து, நடுவில் தாளைச் செருகிப் பார்த்து, நான்கு மூலை அளவையும் தேதியோடு கதவின் உள்பக்கத்தில் பென்சிலால் எழுதுங்கள். அப்புறம் டப்பில் இருக்கும் மீனைத் தொட்டிக்கு மாற்றலாம்.